கிராஷ் கால்குலேட்டர் ரிவ்யூ: தலைக்காயத்துக்கு நல்ல டூல், ஆனா நம்பர மட்டும் புடிச்சுக்காதீங்க

தலைல அடிபட்டு மூளைல ரத்தக்கசிவோட வர்றவங்க வீட்டாளுங்க மொதல்ல கேக்குறது "பொழைச்சுருவாரா?"ங்கறதுதான், அதுக்கு இத்தன சதவீதம்னு கணக்கு சொல்ற ஃப்ரீ ஆன்லைன் டூல் இது. நியூரோ ஐசியூல வேல பாக்குறேன், இத நெறைய யூஸ் பண்ணிருக்கேன்.

நாடு, வயசு, ஜிசிஎஸ் ஸ்கோர் (நெனவு எந்த அளவுக்கு இருக்குனு காட்டுற மார்க்), கண்ணு பாப்பா ரெண்டும் வெளிச்சத்துக்கு சுருங்குதா, உடம்புல வேற பெரிய காயம் இருக்கா, இவ்ளோதான் கேக்கும். சிடி ஸ்கேன் எடுத்திருந்தா மிட்லைன் ஷிஃப்ட் (மூளையோட நடுக்கோடு ஒரு பக்கமா தள்ளிப்போறது), ஆபரேஷன் பண்ணி எடுக்காத ரத்தக்கட்டி மாதிரி விஷயத்தையும் குடுக்கலாம். குடுத்தா 14 நாளுக்குள்ள இறக்குற வாய்ப்பும் 6 மாசத்துல நெலம மோசமா இருக்குற வாய்ப்பும் வந்துரும்.

எனக்கு புடிச்சதே இதோட டேட்டாதான். 10,008 பேஷன்ட்ஸ், அதுல முக்காவாசி பேரு ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரங்க, பணக்கார நாட்டுக்கு தனி கணக்கு நமக்கு தனி கணக்குனு பிரிச்சு வச்சிருக்காங்க, அதனால நம்ம ஊரு பேஷன்ட்டுக்கு போடும்போது ஒரு நம்பிக்கை வருது.

ஆனா அந்த 6 மாச நம்பர் எனக்கு உறுத்துது. செத்துப்போனவர், கண்ண தெறந்து நெனவே இல்லாம கெடக்குறவர், புள்ளைங்கள அடையாளம் தெரிஞ்சு பேசுறாரு ஆனா குளிக்க துணிமாத்த ஆள் வேணும்ங்கறவர், எல்லாரும் "மோசம்"ங்கற ஒரே பொட்டிலதான். குடும்பத்துக்கு இதெல்லாம் ஒண்ணா சொல்லுங்க?

டேட்டாவும் பழசு, 1999ல இருந்து 2004 வரைக்கும் எடுத்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள ட்ரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தக்கசிவ கொறைக்கிற மருந்து) போட்டா லேசான, நடுத்தர தலைக்காயத்துல சாவு கொறையுதுனு 2019லதான் கிராஷ்-3 ட்ரையல்ல வந்துச்சு, இந்த கணக்குல அது கெடையாது. அப்புறம் ஜிசிஎஸ். குடிச்சிருந்தா, மயக்க மருந்து போட்டு ட்யூப் வச்சிருந்தா ஸ்கோர் கொறவாதான் காட்டும், டூலுக்கு அது எப்படி தெரியும், போடுறவங்கதான் பாத்து போடணும்.

டாக்டர்ஸ், நர்ஸுக்கு தாராளமா ரெகமண்ட் பண்ணுவேன். பேஷன்ட்டோட வீட்டாளுங்க தயவுசெஞ்சு ஐசியூ வாசல்ல உக்காந்து நீங்களே ஃபில் பண்ணாதீங்க. 70 சதவீதம்னா இவர மாதிரி 100 பேருல 70 பேருக்கு அப்படி ஆச்சுனு அர்த்தம், உங்காளு அந்த 70லயா மிச்ச 30லயானு அது சொல்லாது. இத வச்சு மட்டும் ட்ரீட்மென்ட்ட நிறுத்தலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. டாக்டர் இத்தன சதவீதம்னு சொன்னா, அது உயிருக்கா இல்ல ஊனத்துக்கானு தெளிவா கேட்டு வாங்கிக்கோங்க.