பெரிய எண்களைச் சோதிக்க பாரி/ஜிபி: ஒரு மதிப்பீடு

3608528850368400786036725. இந்த எண்ணின் முதல் 2 இலக்கம் (36) 2-ஆல் வகுபடும், முதல் 3 இலக்கம் (360) 3-ஆல், முதல் 7 இலக்கம் (3608528) 7-ஆல். இப்படியே 25 வரை எங்கும் மீதி விழாது. எக்செல்லில் இதை எண்ணாக இட்டால் முதல் 15 இலக்கம்தான் தங்கும். வால் பகுதியான 0786036725 முழுவதும் பூச்சியமாகிவிடும், சோதனையும் அங்கேயே கெடும்.

இந்த வேலைக்கென்றே அமைந்த மென்பொருள் பாரி/ஜிபி. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது, இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. முழு எண் எவ்வளவு நீளமானாலும் ஒரு இலக்கம்கூடச் சிதறாது.

சோதிக்கும் முறை எளிது. முதல் கே இலக்கங்களை (கே என்பது 1 முதல் 25 வரை) எடுக்க, எண்ணை 10-இன் (25 − கே) அடுக்கால் வகுத்து ஈவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான குறி பின்சாய்கோடு (\). பிறகு % போட்டு கே-ஆல் மீதி காண வேண்டும். விடைகளை வரிசையாக அடுக்கும் வெக்டர் கட்டளைக்குள் இதை எழுதினால் 25 பூச்சியங்கள் ஒரே வரியில் வந்து நிற்கும். புதியவர்கள் சறுக்கும் இடம் அந்தக் குறிதான்: சாதாரண / போட்டால் ஜிபி தசமத்துக்குப் போகாது, துல்லியமான பின்னமாக வைத்துக்கொள்ளும். கடைசி ஒன்றைத் தவிர மற்ற 24 வகுத்தல்களிலும் பின்னமே வரும்.

26-ஆவது இலக்கம் ஏன் சேராது என்பதையும் கேட்டுப் பாருங்கள். எண்ணைப் பத்தால் பெருக்கி 26-ஆல் வகுத்தால் மீதி 12. வகுபட இன்னும் 14 வேண்டும். ஓர் இலக்கத்தால் 9-க்கு மேல் தர முடியாது. அழகான முட்டுச்சந்து!

இவ்வகை எண்கள் மொத்தம் 20,456. 1 முதல் 9 வரை தொடங்கி ஒவ்வோர் இலக்கமாக ஒட்டிச் சோதித்தால் எல்லாமே கிடைத்துவிடும். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க, 9 இலக்கத்திலும் 10 இலக்கத்திலும் 2,492 வருகிறதா என்று கவனியுங்கள். கிடைத்த எண்களின் பட்டியலை, ஒன்றோடொன்று ஒட்டும் கான்கேட் கட்டளையால் நீட்டாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் நகலெடுக்கும். பட்டியலின் கடைசியில் சேர்க்கும் லிஸ்ட்புட் கட்டளை நல்லது.

காரணிப்படுத்துவதில்தான் இதன் வலிமை தெரியும். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணைப் பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் சொன்னார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அதை மறுத்தார், ஆனால் காரணிகளைத் தரவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் 193707721 × 761838257287 என்று காட்டினார். காரணிகளைக் காணும் ஃபேக்டர் கட்டளை அதைக் கண்ணிமைக்குமுன் தருகிறது. அடியெண்ணை 2.0 என்று புள்ளி வைத்து எழுதினால் மட்டும் அது மெய்யெண்ணாகிவிடும், பகா எண் சோதனை பிழை காட்டி நிற்கும். 100 இலக்கத்தை நெருங்கும் கடினமான எண்களுக்கு இது மெதுவானது. அங்கே சிறப்புக் கருவி தேடுங்கள்.

பகா எண் சோதனைக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. இஸ்சூடோபிரைம் வேகமானது, ஆனால் பகா எண் என்று நிரூபிக்காது. இஸ்பிரைம் நிரூபிக்கும். 357686312646216567629137-இன் இடப்பக்க இலக்கங்களை ஒவ்வொன்றாக வெட்டி, மிஞ்சுவதெல்லாம் பகா எண்ணா என்று பார்க்க இஸ்பிரைமையே எடுங்கள். 24 இலக்கத்துக்கு நேர வித்தியாசம் உணரவே முடியாது.

குறை? வெறும் கட்டளைத் திரை, உதவிக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில். கேள்விக்குறியை அடுத்துக் கட்டளையின் பெயரைத் தட்டினால் விளக்கம் வரும். நினைவகம் போதவில்லை என்று நின்றால் அலோகேட்மெம் கட்டளையால் கூட்டிக்கொள்ளலாம்.