ஐசியு-வில் தலைக்கு அல்ட்ராசவுண்டு: எதை நம்பலாம், எதில் ஏமாறுவோம்

சேலம்-கொச்சி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து வரும் கேஸ்கள் எங்கள் கோவை ஐசியு-வில் நிறைய. வென்டிலேட்டரோடு நோயாளியை சிடி-க்குத் தள்ளிக்கொண்டு போவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் இந்த ஸ்கேன் கைகொடுக்கிறது. சிடி-க்கு மாற்று அல்ல.

தனி மெஷின் வேண்டியதில்லை, இதயத்துக்குப் பயன்படுத்தும் எக்கோ புரோபே (உடம்பில் வைக்கும் கருவி) போதும். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே வையுங்கள். முடியை மழிக்காமல் விலக்கிவிட்டு ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். ஆழம் 15-16 செ.மீ. வைத்தால் எதிர்ப்பக்க எலும்பு தெரியும். நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்பாக நடுமூளை தெரிந்த பிறகே கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) போடுங்கள். 45-65 மி.மீ. ஆழத்தில் புரோபை நோக்கி வரும் ஓட்டம் எம்சிஏ, அதாவது மூளையின் நடுத் தமனி. வயதான அம்மாக்களுக்கு எலும்பு தடித்துப்போய் ஒன்றுமே தெரியாமல் போவது சகஜம். அழுத்தினால் வராது, விட்டுவிடுங்கள்.

நாங்கள் அதிகம் நம்புவது பிஐ (பல்சடிலிட்டி இண்டெக்ஸ்) எண்ணை. ஒரு துடிப்பில் ரத்தத்தின் உச்ச வேகத்திலிருந்து துடிப்பு முடியும்போதுள்ள வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுப்பது. விகிதம் என்பதால் புரோப் சாய்வு இதைக் கெடுக்காது, வேகத்தைக் கெடுக்கும். 1.2-க்கு மேல் ஏறினால் மூளை அழுத்தம் கூடுகிறதோ என்று சந்தேகம் வர வேண்டும். ஆனால் பிபி இறங்கினாலும், வென்டிலேட்டர் கார்பன் டை ஆக்சைடை அதிகம் வெளியேற்றினாலும் இதேபோல்தான் ஏறும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 1 மி.மீ. மெர்க்குரி மாறினாலே வேகம் 3-4 சதவீதம் மாறும். எனவே பிபி, ஏபிஜி (தமனி ரத்த வாயு டெஸ்ட்), ஹீமோகுளோபின் மூன்றையும் பக்கத்திலேயே எழுதாத பிஐ குப்பைக்குத்தான். மெஷினே அலையின் விளிம்பை வரையும் ஆட்டோ டிரேஸ் இரைச்சலையும் சேர்த்து வரையும், கையால் வரையுங்கள்.

மூளை ரத்தநாளம் வெடித்த கேஸில் எம்சிஏ சராசரி வேகம் வினாடிக்கு 120 செ.மீ. தாண்டினால் உடனே ஸ்பாசம் (ரத்தநாளம் சுருங்குவது) என்று எழுதாதீர்கள். ரத்தசோகை, காய்ச்சலிலும் ஏறும். அந்த வேகத்தைக் கழுத்தில் உள்ள ஐசிஏ (உள் கரோட்டிட் தமனி) வேகத்தால் வகுத்து 3-க்கு மேல் வந்தால் பேசலாம்.

மூளை அழுத்தத்தை ஊகிக்க அளக்கும் கண் நரம்பு உறை அகலத்துக்குக் கிடைக்கும் மவுசு அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம். கண்விழிக்கு 3 மி.மீ. பின்னால் அளக்க வேண்டும். வரம்பு 5 முதல் 6 மி.மீ. வரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அரை மி.மீ. கைத்தவறிலேயே போய்விடும். விழி கிழிந்திருந்தால் புரோபே வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் எம்ஐ (மெக்கானிக்கல் இண்டெக்ஸ், ஒலி அலையின் வீரியத்தைக் காட்டும் எண்) 0.23-ஐத் தாண்டாத கண் பிரீசெட் (மெஷினில் கண்ணுக்கான அமைப்பு) கட்டாயம்.

மெஷின் வாங்கும்போது பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம்) பதிவை மறக்காதீங்க. கையில் தூக்கும் சைஸ் என்றாலும் பதிவான கட்டடத்தை விட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு இரவல் கொடுக்க முடியாதுங்க.