கிணற்று மோட்டருக்கு எந்த வாட்டர் சீல்? வன்னித் தண்ணீரில் மூன்று வகை

மோட்டருக்கும் பம்புக்கும் இடையில், அடிப்பக்கமாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கினால் வாட்டர் சீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சொட்டுத்தானே என்று விட்டால் அந்தத் தண்ணீர் தண்டு வழியே முன் பெயாரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு பெயாரிங் துருப்பிடித்து இரையும், கடைசியில் கொயிலும் எரியும். சீலின் விலையையும் கொயில் கட்டுகிற கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைப் பிந்தவிடக் கூடாது என்பது விளங்கும்.

சீல் என்பது இரண்டு வளையங்கள். ஒன்று பம்பின் உடலில் இறப்பர்க் கிண்ணத்தோடு அசையாமல் இருக்கும். மற்றது தண்டோடு சுற்றும், அதை ஸ்பிரிங் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு சில மைக்ரோன் தடிப்பில் தண்ணீர்ப் படலம் நிற்கும். முகங்களைக் குளிராக வைத்திருப்பதும் தேயாமல் காப்பதும் அந்தப் படலம்தான். மணல் அதைக் கெடுக்கும். தண்ணீர் இல்லாத ஓட்டம் அதை அழித்தே விடும்.

கடையில் ‘சீல் ஒன்று’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது வெள்ளை செரமிக் வளையமும் கறுப்புக் காபனும் உள்ள சோடி. மூன்றிலும் விலை குறைந்தது இதுதான். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, கட்டிய கிணற்றுத் தெளிந்த நீருக்கு இது போதும், கூடக் கொடுக்கத் தேவையில்லை. தோட்ட இறைப்புக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆடி, ஆவணியில் கிணறு வற்றி மோட்டர் காற்றை இழுக்கும்போது செரமிக் கொதிக்கச் சூடாகும். அந்த நேரத்தில் பதற்றத்தில் பம்புக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வளையம் வெடிக்கும். கழற்றிப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு நடுவிலிருந்து விளிம்புவரை போயிருக்கும். வெறுமையாக ஓடிய மோட்டரை நிறுத்தி, பம்பு கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது சோடி காபனும் சிலிக்கன் கார்பைட்டும். சிலிக்கன் கார்பைட் எங்களுக்குப் புதியதல்ல, சாணைக்கல்லில் இருக்கும் அதே கார்பரண்டம்தான். அமெரிக்கரான எட்வர்ட் குட்ரிச் அச்செசன் களிமண்ணையும் கோக் தூளையும் மின்சாரத்தால் சூடாக்கி இதை எடுத்தார், 1893இல் காப்புரிமையும் பெற்றார். கடினம் ஒரு பக்கம் இருக்க, சூட்டை இது வேகமாகக் கடத்திவிடும் என்பதே எங்களுக்கு வேண்டிய குணம். செரமிக் வெடிக்கிற இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். சிறிது நேரம் தண்ணீர் விட்டுப்போனாலும் காபன் தானே வழுக்கிக் கொடுக்கும். மிளகாய், வெண்காயம், கச்சான் தோட்டக் கிணறுகளுக்கு எங்கள் தெரிவு இதுதான்.

இரண்டு வளையமும் சிலிக்கன் கார்பைட்டாக உள்ள மூன்றாவது வகை, வாய்க்காலிலும் குளத்திலும் கலங்கல் தண்ணீர் இறைப்பவர்களுக்கு. காபன் மென்மையானது. மணல் அதில் குத்தி நின்று, எதிர்முகத்தை அரம் போல அராவும். கடினத்தோடு கடினம் சேர்ந்தால் மணலுக்கு ஒட்ட இடமில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடுவதை இது கொஞ்சமும் பொறுக்காது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வு ஒழுகித் தண்ணீர் இறங்கிவிடும் பம்புக்கு இதைப் போட்டால் காசு வீண். முதலில் வால்வைத் திருத்துங்கள்.

கறுப்பு வளையம் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். பிரித்தறிய, வேலை செய்யும் முகத்தைத் தொடாமல் பின் விளிம்பை வெள்ளைக் கடதாசியில் மெதுவாக உரசுங்கள். பென்சில் போல எழுதினால் காபன், எழுதாவிட்டால் சிலிக்கன் கார்பைட். மூன்றாவது வகை என்று வாங்கும் சோடியில் ஒன்றுகூட எழுதக் கூடாது.

இறப்பர் நைட்ரைலாக இருந்தால் போதும், குளிர்ந்த தண்ணீருக்கு வைட்டன் இறப்பர் வீண் செலவு. அளவுக்குப் பழைய சீலைக் கொண்டுபோவது நல்லது. அது சிதைந்திருந்தால் தண்டின் விட்டம், கிண்ணம் உட்காரும் குழியின் விட்டம், சீலின் உயரம் மூன்றையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து கொண்டுபோங்கள். 12, 14, 16 மில்லிமீற்றர் தண்டுகளைக் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

பூட்டுவதற்கு முன் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கை மாற்றாமல் புதுச் சீல் போடாதீர்கள், சில நாளில் மறுபடி ஒழுகும். தண்டில் பழைய இறப்பர் இருந்த இடத்தை மெல்லிய எமரிக் கடதாசியால் துடையுங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். இறப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் மட்டும் பூசுங்கள். என்ஜின் ஒயில் ஈபிடிஎம் இறப்பரை ஊதவைக்கும், கடையில் தந்தது எந்த இறப்பர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அசையாத வளையத்தைப் பளபளப்பான முகம் வெளியே தெரியும்படி வைத்து, மேலே துணி போட்டு, பிவிசிக் குழாய்த் துண்டால் நேராக அமத்துங்கள். சுத்தியலால் தட்டினால் சரிந்து உட்காரும், அல்லது விளிம்பு உடையும். முகத்தில் விரல் பட்டால் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

வவுனியாப் பக்கத்துக் கல்லுக் கிணறுகளில் இன்னொரு தொல்லை உண்டு. கேத்தலில் படிவது போன்ற வெள்ளைப் படிவு ஸ்பிரிங்கிலும் இறப்பரிலும் இறுகும். காபன் தேயத் தேய முன்னுக்கு நகர வேண்டியது, நகர முடியாமல் நின்றுவிடும். மாரி முழுக்கச் சும்மா கிடந்த மோட்டரில் இரண்டு முகங்களும் ஒட்டியும் போகும். அதை அப்படியே சுவிச் போட்டால் இறப்பர் கிழியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பின் பக்கம் தண்டின் நுனியில் உள்ள வெட்டில் ஸ்குரூ ட்ரைவரை வைத்து இரண்டு மூன்று சுற்றுக் கையால் சுற்றி, பம்பை நிரப்பிய பிறகு இயக்குங்கள்.