ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம்

காரைக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, பிள்ளைகள் இருவரையும் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். மகள் ஆறாவது, மகன் நாலாவது. சமச்சீர்க் கோடு போடச் சொன்னால் மகள் சரியாகப் போட்டுவிடுவாள், ஆனால் ஒரு உருவத்தைச் சுற்றி வைப்பதும் கண்ணாடியில் பார்ப்பதும் வேறு வேறு என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்துகிறார்கள். அப்புறம் சில நாள் தண்ணீரில் ஊறும், கண்ணாடி தானாக விட்டுவிடும்.

அதாவது கல்லின் முகம் கீழே இருக்கிறது, நாம் ஊற்றுவது முதுகுப் பக்கம். அங்கிருந்த அண்ணன் ஆளுக்கு ஒரு எழுத்து ஊற்றச் சொன்னார். மகள் 'ப', மகன் 'க'. "பாப்பா எழுத்து அப்படியே வரும், தம்பி எழுத்து திரும்பிக்கும்" என்றார். மகள் நோட்டில் இரண்டையும் எழுதி, தாளைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

மூலையில் கால்வட்டம் உள்ள கல்லைப் பார்த்து "நாலு கல்லுக்கு நாலு அச்சா அண்ணே?" என்றான் மகன். ஒரே அச்சுதான், ஒவ்வொரு கல்லாகச் சுற்றி வைத்துக் காட்டினார், முழுவட்டம் வந்துவிட்டது. எட்டு அங்குலக் கல் நூறு சதுர அடிக்கு எத்தனை வேண்டும் என்றும் கேட்டார். மகள் சட்டென்று 150 என்றாள். ஒரு அடி நீளத்துக்கு ஒன்றரைக் கல், அகலத்துக்கும் ஒன்றரை என்று தரையில் அடுக்கிப் பார்த்த பிறகுதான் 225 வந்தது. நான் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பரப்பளவு இது!

குறையும் உண்டு. தகரக் கொட்டகை, பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, உட்கார இடமில்லை. ஈர சிமெண்ட் கையை அரிக்கும், அதனால் கையுறையை நீங்களே கொண்டுபோங்கள். ஆர்டர் நெருக்கடி இருந்தால் யாருக்கும் பேச நேரமிருக்காது, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கட்டணம் கேட்கவில்லை, கால்வட்டக் கல் நாலு வாங்கினோம். ஒவ்வொன்றையும் நாலு விதமாக வைக்கலாம் என்பதால் மொத்தம் 256 கோலம் வரும், இதுவரை முப்பதுக்கு மேல் வரைந்துவிட்டார்கள்.

எழுத்துக் கற்களை அன்றே தரமாட்டார்கள், ஊற வேண்டுமே. பத்து நாள் கழித்து அவர்கள் மாமா வாங்கி வந்தார். மகன் தன் கல்லை நேராக அலமாரிக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்து, 'க' என்று வாசித்தான்.