பச்சை முட்டை மயோ, எக்லெஸ், தூம்: எதை நம்பிச் சாப்பிடுவது?

எங்கள் தெருமுனை ஷவர்மா கடையில் இப்போதெல்லாம் நாம் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: "எக்லெஸ் மயோதாண்ணே." பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 அன்று ஓராண்டுத் தடை போட்ட பிறகு வந்த பழக்கம் இது. கேரளம் 2023 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. தெலங்கானா 2024 அக்டோபர் 30 அன்று. ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட ஒரு பெண் இறந்து, பலர் ஆஸ்பத்திரியில் படுத்த சூட்டோடு வந்த உத்தரவு அது.

அக்கா மகனுக்கு ஷவர்மா என்றால் உயிர். அக்காவுக்கோ 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்த செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "எந்த மயோன்னா பரவாயில்ல, அதச் சொல்லு" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்காகப் படித்து, விசாரித்து, சமையலறையிலும் இரண்டைச் செய்து பார்த்ததுதான் இந்த ஒப்பீடு.

முதலில், தடைக்குள்ளான பச்சை முட்டை மயோ. முட்டை, எண்ணெய், பூண்டு, கொஞ்சம் வினிகர். மிக்ஸியில் இரண்டு நிமிடம், வேலை முடிந்தது. அடுப்பே கிடையாது, சிக்கலும் அதுதான். முட்டை ஓட்டின் மேல் அழுக்கு இருந்தால் கழுவிவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற கிருமி வகை கோழியின் சினைப்பையிலேயே குடியிருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். வெளியே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதற்குத் தெரியாது.

அப்படிப்பட்ட முட்டை அபூர்வம்தான். அமெரிக்காவில் 20,000 முட்டைக்கு ஒன்று என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படியானால் கொங்குப் பக்கத்துக் கலக்கியையும் நம் ஹாஃப்பாயிலையும் ஏன் யாரும் தடை செய்யவில்லை? அவையும் அரைவேக்காடுதானே? வித்தியாசம் இரண்டு. கலக்கி ஒரு முட்டை, ஒரு வாய், அந்த நிமிடமே காலி. உள்ளே கிருமி இருந்தாலும் அது பெருக நேரமில்லை. மயோவிலோ முப்பது முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைக்கிறார்கள். கெட்டது ஒன்று விழுந்தால் அன்று வந்த அத்தனை பேருக்கும் பங்கு. அதோடு அந்தக் கிண்ணம் மதியத்திலிருந்து இரவு பதினொரு மணி வரை கல்லாப்பெட்டி பக்கத்தில் வெயிலின் மிச்சச் சூட்டில் இருக்கும். சாதகமான சூட்டில் இந்தக் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. (கலக்கிக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது.)

மயோவுக்கு இயல்பாகவே ஒரு காவல்காரன் உண்டு: புளிப்பு. வினிகர் போதுமான அளவு இருந்து அமிலநிலை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.1-க்குக் கீழே போனால் சால்மோனெல்லா தாக்குப்பிடிப்பது கஷ்டம். எலுமிச்சைச் சாற்றைவிட வினிகருக்கு இதில் வலு அதிகம். இன்னொன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது: அந்தப் புளிப்பு, குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். செய்தவுடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி பெருகாது, சரி, ஆனால் சீக்கிரம் சாவதும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் மயோவை வெளியே வைத்துவிடாதீர்கள். அமிலநிலையை அளக்கும் கருவி நம் வீட்டிலும் இல்லை, தள்ளுவண்டியிலும் இல்லை. போதாததற்கு நம்மூர் நாக்குக்கு மயோ புளிக்கக் கூடாது, லேசாக இனிக்க வேண்டும். வினிகரைக் குறைத்துச் சர்க்கரை போட்டால் காவல்காரனைப் பாதிச் சம்பளத்தில் வைத்த கதைதான்.

சுவையில் மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடுத்தது, பதப்படுத்திய முட்டையில் செய்வது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. உடைத்த முட்டையைப் பிரிட்டனில் 64.4 டிகிரி செல்சியஸில் இரண்டரை நிமிடம் வைப்பார்கள். அதைவிடச் சற்றுக் கூடினால் மஞ்சள் கரு கெட்டியாக ஆரம்பித்துவிடும், அவ்வளவு நெருக்கத்தில் நடக்கும் வேலை. கிருமி போய்விடும், சுவை பெரும்பாலும் தங்கும். ஈரோட்டுப் பக்கம் முட்டையை உடைத்துத் தூளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையே இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் எந்த மளிகைக் கடையிலும் பதப்படுத்திய முட்டை என்று கேட்டால் முழிக்கிறார்கள். வீட்டில் மஞ்சள் கருவோடு கொஞ்சம் தண்ணீரும் வினிகரும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறி 71 டிகிரிக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு எண்ணெய் ஊற்றிச் செய்யலாம். வெப்பமானி அவசியம். நான் முதல் தடவை செய்தபோது கிடைத்தது மயோ அல்ல, முட்டைப் பொரியல்.

எக்லெஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய், தண்ணீர், மாவுச்சத்து, சோயா அல்லது பால் புரதம், வினிகர், கெடாமல் இருக்க ஏதாவது. முட்டையே இல்லாததால் முட்டைவழிக் கிருமிக்கு வழியில்லை. ஆலையில் அமிலத்தை அளந்து போடுகிறார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடையில் சாப்பிடுவதென்றால் என் ஓட்டு இதற்குத்தான், சுவை பசை மாதிரி இருந்தாலும். ஒரே ஒரு விஷயம்: கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து முட்டைகோஸ், கேரட் துருவலோடு பிசைந்து வைத்துவிட்டால் காய்கறியின் தண்ணீர் சேர்ந்து புளிப்பு நீர்த்துப்போகும். நறுக்கிய கை எதைத் தொட்டது, கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். பழைய மீதியின் மேலேயே புதுசைக் கொட்டும் டப்பாவைப் பார்த்தால் எக்லெஸ் என்ற பெயருக்காக மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காவதாகத் தூம். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான். லெபனான்காரர்கள் சிக்கன் ஷவர்மாவுக்குத் தடவுவது இதைத்தான். முட்டை இல்லாமலே பூண்டு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று பொங்கி வரும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், பொறுமை இழந்தால் திரிந்துவிடும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை வெளியே நாள்கணக்கில் வைத்தால் பொட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நச்சால் வரும் வேறொரு ஆபத்து உண்டு. அதனால் எலுமிச்சையைக் குறைக்காமல், ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். வீட்டுக்கு இதுவே முதலிடம். அக்கா மகன் முதல் நாள் முகத்தைச் சுளித்தான், மூன்றாம் நாள் கிண்ணத்தை வழித்தான்.

இவற்றோடு வைத்துப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அது நம் கையில் இல்லை. பிரிட்டனில் 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொல்லப்போய் முட்டை விற்பனை சரிந்து, அவர் பதவியும் போனது. பிறகு அவர்கள் கோழிகளுக்கே தடுப்பூசி போடும் பக்கம் போனார்கள். 1998-இல் தொடங்கிய சிங்க முத்திரைத் திட்டத்தில் தடுப்பூசி கட்டாயம். 2017-இல் அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட வேகாமல் சாப்பிடலாம் என்று அரசின் உணவுத் தர முகமையே சொல்லிவிட்டது. நாம் கிண்ணத்தைத் தடை செய்தோம், அவர்கள் பண்ணைக்குப் போனார்கள். ஒரு கிண்ணத்தை எட்டிப் பார்த்து அது முட்டை மயோவா எக்லெஸா என்று எந்த அதிகாரியாலும் கண்ணால் சொல்ல முடியாது என்பதால், தடை தேவைதான் என்றாலும் அது பாதி வேலை என்பது என் கருத்து.

அக்காவிடம் சொல்லத் தயங்கிய ஒன்றும் உண்டு. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தபோது பாதிக்கப்பட்டவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது ஷிகெல்லா என்ற கிருமி. அது முட்டையில் வருவதல்ல. மனிதக் கழிவிலிருந்து கழுவாத கை வழியாகவும் அசுத்தமான தண்ணீர் வழியாகவும் வருவது. அங்கே எந்த மயோவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதற்கு ஷிகெல்லாவைத் தெரியாது.

அதனால் போன வாரம் கடையில் மயோவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கம்பியில் சுழலும் கறியைத்தான் பார்த்தேன். வெளிப்பக்கம் சிவந்திருந்தது. கத்தி இறங்கிய இடத்தில் உள்ளே இன்னும் வெளிர் ரோஜா நிறம். "சீவினதைத் தவாவில் ஒரு தடவை வதக்கித் தர்றீங்களா தம்பி?" என்றேன். வரிசையைக் காட்டினான். "கூட்டத்துல டைம் இல்லண்ணே. எக்லெஸ்தான், பயப்படாம சாப்பிடுங்க."

பக்கத்துக் கடையில் சால்னா கொதித்துக்கொண்டிருந்தது. பரோட்டா வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அக்கா மகன் இரண்டு நாள் பேசவில்லை.