வேலூருக்குக் குடி வந்து: கரண்ட், கேஸ், தண்ணீர், அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு

கோவையில் என்னோடு வேலை பார்த்த தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "தங்கச்சி வேலூர்ல நர்ஸா சேர்றா. சத்துவாச்சாரியிலயே வீடு பாத்தாச்சு. நெட் எது போடலாம்?" அவள் கேட்ட அன்றுதான் எங்கள் வீட்டு ஃபைபர் லைனைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் ஒரு பெயரோடு முடிய வேண்டிய பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது. புது ஊருக்குக் குடி வருகிறவர்களுக்கு மற்ற விஷயங்களும் உதவும் என்பதால் அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் கரண்ட். வேலூரில் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். சப் மீட்டர் என்றால் ஓனர் யூனிட்டுக்கு ஒரே விலை போட்டு வாங்குவார். அரசு கொடுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டர் என்றால் சாவி வாங்கும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மின் இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கும் கிடைத்துக்கொண்டிருந்த குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். இங்கே ஏப்ரலில் ஏசியைப் போட்டால் ஜூன் வரை அணைக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். கோடை பில்லில் 500ஐத் தாண்டாமல் இருப்பது கஷ்டம், அதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வையுங்கள்.

கேஸ் பெரிய விஷயமே இல்லை. வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் முன்பே பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை முடித்துக்கொண்டதற்கான சீட்டான டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். டெபாசிட் கையில் வந்துவிடும். இங்கே அந்த வவுச்சரைக் காட்டி டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். அடுப்பை ஒப்படைக்கத் தேவையில்லை. இடைப்பட்ட நாட்களுக்கு முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் போதும். டெலிவரிக்கு வரும்போது ஓ.டி.பி. கேட்பார்கள், அதனால் வீட்டில் இருப்பவர் நம்பரையே கொடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஏக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு. இங்கே எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். ஒன்று மாநகராட்சிக் குழாயில் முறை வைத்து வருவது, காவிரிக் கூட்டுக் குடிநீரும் அதில் சேர்த்தி. இன்னொன்று போர் தண்ணீர், உப்பு. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். ஹீட்டர் ராடில் ஒரு மாதத்திலேயே சுண்ணாம்பு கட்டிவிடுகிறது. பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீருக்கு ஒரு பெரிய கதையே உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996லேயே தீர்ப்புச் சொன்னது. அதனால் போர் தண்ணீரைக் குடிப்பதற்கு என்று யோசிக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க சம்ப் இருக்கிற வீடாகப் பாருங்கள். "வெயில் காலத்துல தண்ணி வர்ற அன்னிக்கே ரொப்பிக்கணும்மா" என்று எங்கள் ஓனரம்மா வந்த முதல் நாளே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, நெட்டுக்கு வருகிறேன்.

நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். அறுந்தால் லாகின் போகும். லாகின் போனால் அந்த நேரம் கணக்கில் வராது, சம்பளத்தில் பிடிப்பார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எனக்குக் கவலையில்லை, நடுவில் அறுந்துபோகக் கூடாது. தெருமுனையில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய தனியார் நிறுவனத்தின் ஆட்களிடம் 100 எம்.பி. ப்ளான் எடுத்தோம். பெயரைத் தோழியிடம் சொல்லிவிட்டேன், இங்கே வேண்டாம்.

எடுத்த அன்றே வந்து மாட்டினார்கள். முதல் சில மாதம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. சொன்ன வேகம் வந்தது. அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்த விஷயம், கரண்ட் போனாலும் நெட் போகவில்லை. ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தேன், ஆயிரத்துச் சொச்சம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளில்கூட வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வேலையை முடித்திருக்கிறேன். காரணம் இதுதான்: வீடு வரைக்கும் கண்ணாடி இழையே வருகிற லைனில், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி எதுவும் கிடையாது. நடுவில் வெளிச்சத்தைப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்குக்கூடக் கரண்ட் வேண்டாம். ஃபைபர் என்று சொல்லிவிட்டு, கம்பத்துப் பெட்டி வரை ஃபைபரும் அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண நெட்வொர்க் ஒயரும் இழுக்கிற ஆட்களும் உண்டு. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் நம் யு.பி.எஸ். ஒன்றும் செய்ய முடியாது. கனெக்‌ஷன் எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. மதியம் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் ரவுட்டரில் எல்.ஓ.எஸ். (சிக்னல் வரவில்லை) என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். நெட் இருக்காது. ஐந்து மணிக்கு மேல் தானாகவே வந்துவிடும். ஆப்பில் புகார் போடுவேன். ஆள் வருவது சாயந்திரம் ஆறுக்கு மேல். அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன செய்வது? 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் கம்பெனி இன்னும் பழைய வட ஆற்காட்டையே கொடுத்து வைத்திருக்கிறது. காலையில் ஆற்காடு, மதியம் வாலாஜா, எங்கள் தெருவுக்கு வரும்போது இருட்டிவிடும். வந்து பார்த்தால் பச்சை விளக்கு. "லைன் நல்லாதானே கீது மேடம்" என்பார். அவர் வாசலைத் தாண்டும் முன்பே என் போனுக்கு மெசேஜ் வரும்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

இந்த மெசேஜ்தான் என் பிரச்சினை. ஒயர் அறுவது சகஜம். ஊரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள், குரங்கு வருகிறது, அணில் கடிக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தீராத ஒன்றைத் தீர்ந்தது என்று என்னிடமே சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மதியம் மறுபடி சிவப்பு. பழைய புகார் முடிந்துபோனதால் புதுப் புகார் போட வேண்டும், கஸ்டமர் கேரில் புதிதாய் ஒருவர், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். சில நாள் ஆளே வராமல் தீர்க்கப்பட்டது என்று வந்திருக்கிறது. அந்தத் தம்பியிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். "டயத்துக்குள்ள குளோஸ் பண்ணலைன்னா எங்களுக்குப் புடிச்சிப்பாங்க மேடம்" என்றார். சம்பளம் பிடிக்கப்படுவது அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது. அதற்குமேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை.

ரவுட்டருக்குள்ளேயே பார்க்கலாம் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போனால், பல மாடல்களில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஒரு எண் இருக்கும். இழை வழியாக நம் வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதன் அளவு அது. காலை ஏழு மணிக்கு மைனஸ் 20 காட்டியது. பதினொன்றுக்கு மைனஸ் 24. மதியம் இரண்டுக்கு மைனஸ் 28, அதோடு சிவப்பு விளக்கு. பொதுவாக இந்த ரவுட்டர்கள் மைனஸ் 27, 28 வரைதான் தாங்கும். ஒவ்வொரு மூன்று புள்ளி இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகிவிடும். காலைக்கும் மதியத்துக்கும் எட்டுப் புள்ளி வித்தியாசம் என்றால், மதியம் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்கூட வந்து சேரவில்லை. வெயில் ஏற ஏற எங்கேயோ ஒரு இணைப்பு விலகுகிறது, அவ்வளவுதான். இதைப் படம் எடுத்து நேரத்தோடு புகாரில் போட்டேன். அதையும் தீர்க்கப்பட்டது என்று முடித்தார்கள்.

அதற்கு மேல் அப்பீல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012ல் கொண்டுவந்த ஏற்பாடு இது: கஸ்டமர் கேரில் தீரவில்லை என்றால், அந்தப் புகார் எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. முகவரி நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஒரு மூலையில் இருக்கும். எண்களையும் படங்களையும் வைத்து எழுதினேன். அப்புறம்தான் இழையை ஒட்டித் தருகிற ஸ்ப்ளைசிங் ஆள் வந்தார், அதுவும் நான் கேட்டபடி மதியம் இரண்டு மணிக்கு.

ஐம்பது வயது இருக்கும். தலையில் ஈரத் துண்டு. கம்பத்தில் ஏணி சாய்த்து, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்தார். எங்கள் ஒயர் முனையில் கையால் மாட்டுகிற பச்சை கனெக்டர் ஒன்று இருந்தது. அதற்குள் இழை ஒட்டவைக்கப்படுவதில்லை, அழுத்தி நிறுத்தி வைக்கப்படுகிறது. நடுவில் கொஞ்சம் ஜெல். அந்த ஜெல் காய்ந்துவிட்டது என்றும், சூட்டில் முனை நகர்கிறது என்றும் சொன்னார். அதை வெட்டி எறிந்துவிட்டு, இழையின் மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவில் துடைத்து, முனையை நேராக நறுக்கி, மெஷினுக்குள் வைத்தார். சின்னத் திரையில் இரண்டு கண்ணாடி முனைகளும் பெரிதாகத் தெரிந்தன. இரண்டும் தானாக நகர்ந்து எதிரெதிரே வந்து நின்றன, ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. தலைமுடி அளவு இழையில் சேர்த்த இடமே தெரியவில்லை. மீட்டரில் மைனஸ் 19.6. அந்த உச்சி வெயிலில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மோர் கொடுத்தேன். இத்தனை நல்ல வேலைக்காரர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். குடித்து முடித்துவிட்டு அவர், "இந்தத் தெருவுல எல்லா வூட்டுக்கும் இதே கனெக்டர்தாம்மா" என்றார். மற்றதையும் இப்போதே மாற்றிவிடலாமே என்றேன். அந்தந்த வீட்டுப் புகாருக்கு டிக்கெட் இருந்தால்தான் தொட முடியுமாம்.

ஆக, என் லைன் இன்று இந்தத் தெருவிலேயே நல்ல லைன். வேகம் அருமை, கரண்ட் போனாலும் நிற்கிறது, விலையும் நியாயம். ஆனாலும் தோழியிடம் இந்தக் கம்பெனி வேண்டாம் என்றுதான் சொன்னேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், தங்கை வருகிற தெருவில் யாரிடமாவது மே மாதத்து மதியம் லைன் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும். கம்பத்தில் கனெக்டர் போடாமல் ஒட்டித் தரச் சொல்லட்டும். மாட்டிய அன்றே மைனஸ் எத்தனை என்று குறித்து வைத்துக்கொள்ளட்டும். நானும் ப்ளான் முடிந்ததும் மாறுகிறேன். நன்றாக ஓடுகிற லைனை ஏன் துண்டிக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு முந்தாநாளிலிருந்து மதியத்தில் அதே சிவப்பு விளக்கு. மைனஸ் 27 காட்டுகிறது. அவர் போட்ட புகாருக்கு இன்று காலையே தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிட்டது. அப்பீலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.