பழைய எம்ஜிபி: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

சேலத்தில் வீட்டு ஷெட்டில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள் சீக்கிரமே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது: அசலாக வந்த எஸ்யூ கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டரையே சீர்செய்வதா, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதா? இன்ஜின் என்னவோ அதே 1,798 சிசிதான்.

ஏற்காடு ஏறினால் வித்தியாசம் தெரிந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிய மெலிய கார்புரேட்டர் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் விடும், ப்ளக் கறுக்கும், இழுவை குறையும். இன்ஜெக்‌ஷன் சென்சாரைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவதிலும் அதுதான் மேல். ஆனால் அதற்கு ஹை பிரஷர் பம்ப், டாங்குக்குத் திரும்பும் லைன், பழுதில்லாத வயரிங் எல்லாம் வேண்டும். மலைப்பாதையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஸ்பேனரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்யூவோடு பேசிப் பழகலாம். ஐடிலிங்கில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி. த்ராட்டில் ஸ்பிண்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) தேய்ந்திருந்தால் மட்டும் எந்த ட்யூனிங்கும் நிற்காது. முதலில் லேத் பட்டறையில் கொடுத்து புஷ் போடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகப் பழைய ரப்பர் ஹோஸ்களை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும்.

என் ஓட்டு எஸ்யூவுக்கே. வாராவாரம் மலை ஏறுபவர் இன்ஜெக்‌ஷனுக்குப் போகலாம், அதுவும் வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்த அப்புறம்தான்.